தேர்ச்சீலை முதல் ஜப்பானியத் துளை அச்சு வரை: திருவிழாவைத் துணியில் பிடித்து வைத்தவர்கள் யார்?

ஆடிப்பூரத்தன்று காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. வண்டியில் ஏறியவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “தேர் நகர்ந்துருச்சா?” ரத வீதிக்குள் நுழைந்தால் ஆட்களின் தலைகளுக்கு மேலே முதலில் தெரிவது மரச் சிற்பமும் இல்லை, வடமும் இல்லை. தேர் அசையும்போது கூடவே அசையும் துணிகள்தான் தெரியும். தேரைச் சுற்றிக் கட்டியிருக்கும் சீலைகளும், குழாய் போலத் தொங்கும் தொம்பைகளும்தான் அவை.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஆண்டாளுக்குப் பட்டு வஸ்திரம் வருவது செய்தியாகிறது. புரட்டாசியில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதிக்குப் போவதும் செய்தியாகிறது. தேரில் தொங்கும் தொம்பையை யார் செய்தார்கள் என்று மட்டும் பொதுவாக யாரும் கேட்பதில்லை. தேர் நிலைக்கு வந்ததும் துணியை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். மறுபடி அதைப் பார்க்க ஓர் ஆண்டு ஆகும்.

கடல் தாண்டி ஜப்பானில் இதே கேள்விக்கு வேறு மாதிரி பதில் கிடைத்திருக்கிறது. அங்கே திருவிழாவைத் துணியிலும் தாளிலும் பதிக்கும் ‘கட்டாசோமே’ என்ற துளை அச்சுச் சாயக்கலையைச் செய்தவர்களின் பெயர் அருங்காட்சியகத்தின் வாசலில் இருக்கிறது. அந்தக் கலைக்கும் தமிழ்க் கடற்கரைக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு.

கட்டாசோமே என்றால் என்ன?

மார்கழியில் வாசலில் துளை போட்ட அச்சை வைத்து, மேலே கோலப்பொடியைத் தேய்த்து எடுத்தால் பூக்கோலம் விழுகிறது அல்லவா? தேர்தல் நேரத்தில் தகர அச்சை வைத்துச் சுவரில் சின்னம் அடிப்பதும் அதே வேலைதான். கட்டாசோமேயின் அடிப்படையும் இதுவே. ஒரே ஒரு வித்தியாசம்: கோல அச்சின் துளை வழியே நிறம் இறங்குகிறது, கட்டாசோமே அச்சின் துளை வழியே பசை இறங்குகிறது.

மல்பெரி வகை மரப்பட்டையில் செய்த தாள்களை அடுக்கி ஒட்டி முதலில் அச்சைத் தயாரிக்கிறார்கள். ஒட்டுவதற்கு பெர்சிமன் காயின் துவர்ப்புச் சாறு பயன்படுகிறது. இது நம்மூர் பனிச்சை மரத்தின் இனம். பனிச்சங்காய்ச் சாற்றில் மீன்வலையைத் தோய்த்தால் வலை சீக்கிரம் மக்காது. அதே காரணத்தால்தான் இந்தச் சாறு ஏறிய தாளும் தண்ணீரைத் தாங்குகிறது. தாளில் படத்தைக் கூரான கத்தியால் வெட்டி எடுத்த பிறகு, மெல்லிய பகுதிகள் அறுந்து போகாமல் இருக்க மேலே பட்டு வலையை ஒட்டுகிறார்கள்.

அடுத்தது பசை. ஒட்டும் அரிசி மாவு, தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துத் தயாரிக்கும் பசையை அச்சின் மேல் இழுத்தால், துளை உள்ள இடத்தில் மட்டும் அது துணியில் உட்காரும். பசை காய்ந்த பின் தூரிகையால் சாயம் பூசுவார்கள். சாயம் நன்றாகப் பிடிக்க சோயாப் பால் உதவுகிறது. கடைசியில் துணியைத் தண்ணீரில் அலசினால் அரிசிப் பசை கரைந்து போய்விடும். பசை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் வண்ணமாகவும் நிற்கும்.

தாளில் படம் அச்சிட, துளை வழியே நிறத்தையே நேரடியாகப் பூசும் முறையும் உண்டு. அதன் பெயர் ‘கப்பாசுரி’.

திருவிழா எப்படி இதற்குள் வந்தது?

1925 வாக்கில் யனாகி சோயெட்சு என்ற சிந்தனையாளரும் நண்பர்களும் ‘மிங்கேய்’, அதாவது மக்கள் கைவினை என்ற சொல்லை உருவாக்கினார்கள். அரண்மனைக்குச் செய்த பொருளைவிட, பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த கிண்ணமும் துணியும் அழகு என்பது அவர்கள் வாதம். அதற்காக 1936இல் டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்தார்கள்.

அந்த வட்டத்தைச் சேர்ந்தவர் செரிசாவா கேய்சுகே (1895–1984). ஒகினாவா தீவின் ‘பிங்கட்டா’ என்ற வண்ணத் துளை அச்சுத் துணியைப் பார்த்து, இதுதான் தன் வழி என்று இறங்கியவர். 1945இல் விமானக் குண்டுவீச்சில் டோக்கியோவில் இருந்த அவருடைய வீடும் பட்டறையும் எரிந்துபோயின. துணி கிடைக்காத அந்தக் காலத்தில் அவர் கையால் செய்த தாளில் துளை அச்சால் நாட்காட்டி போட ஆரம்பித்தார். அது ஆண்டுதோறும் தொடர்ந்து, வெளிநாடுகளுக்கும் போனது. நாட்காட்டிக்குப் பேர்போன சிவகாசி பக்கத்திலேயே இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு படம் சாதாரண வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேரக் காலண்டரைவிட நல்ல வழி ஏது?

இன்னொருவர் மோரி யோஷிடோஷி (1898–1992). பாதி வாழ்நாள் துணிச் சாயக்காரராக இருந்துவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தாள் அச்சுக்கு மாறினார். திருவிழாக் கூட்டம், சப்பரம் தூக்குவோர், கபுகி நாடகப் பாத்திரங்கள், பட்டறையில் வேலை செய்யும் கைவினைஞர்கள் ஆகியவையே அவருடைய படங்கள். தடித்த கறுப்புக் கோடு, நெருக்கியடித்த உடல்கள். தேர் வடத்தைப் பிடித்து இழுத்தவர்களுக்கு அந்தப் படங்களில் இருக்கும் நெரிசல் புதிதாக இருக்காது.

ஜப்பானிலும் தேர் உண்டு. கியோட்டோ நகரின் கியோன் திருவிழா ஜூலை மாதத்தில், அதாவது நம் ஆடியை ஒட்டி வருகிறது. அதில் வரும் பெரிய தேர்கள் சுமார் 12 டன் எடை இருக்கும். வடம் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். தெருமுனையில் மூங்கில் பட்டைகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி, சக்கரத்தை வழுக்க வைத்துத் திருப்புகிறார்கள். அந்தத் தேர்களின் பக்கங்களில் தொங்கும் பழைய துணிகளிலும் விரிப்புகளிலும் இந்தியாவிலிருந்து போனவையும் இருக்கின்றன.

தமிழ்க் கடற்கரைக்கு என்ன தொடர்பு?

17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற சோழமண்டலத் துறைமுகங்களில் டச்சுக்காரர்கள் வாங்கிய துணி கப்பலேறி நாகசாகிக்குப் போனது. சாயவேரும் படிகாரமும் சேர்ந்து தந்த நம் சிவப்பு, அலசினாலும் போகாது. ஜப்பானியர்கள் இந்த ஓவியத் துணியை ‘சரசா’ என்று அழைத்தார்கள். துண்டு துணியைக்கூட வீணாக்காமல் தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களுக்கு உறை தைத்தார்கள். கோடு போட்ட இன்னொரு துணிக்கு ‘சந்தோமே’ என்று பெயர். மயிலாப்பூர் சாந்தோம்தான் அங்கே சந்தோமே ஆனது.

அந்தத் துணி விலை அதிகம், வரத்தும் குறைவு. அதனால் ஜப்பானியர்கள் உள்ளூரிலேயே சரசா செய்யப் பார்த்தார்கள். நம்மவர்கள் கையால் எழுதியதை அவர்கள் துளை அச்சால் செய்தார்கள். ஒரே படத்துக்குப் பல அச்சுகளை அடுத்தடுத்து வைத்து வண்ணம் ஏற்றினார்கள். 1778இல் சரசா வடிவங்களுக்கென்றே ஒரு கையேடும் வெளியானது. துளை அச்சு ஜப்பானில் அதற்கு முன்பே இருந்த கலைதான். ஆனால் அதில் ஏறிய வடிவங்களில் ஒரு பங்கு நம் கடற்கரையிலிருந்து போனது.

இங்கே அந்தக் கலை என்ன ஆனது?

அடியோடு அழிந்துவிடவில்லை. நாயக்கர் காலம் தொட்டுத் தஞ்சை வட்டாரத்தில் கருப்பூர் கலம்காரி தொடர்கிறது. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, இரும்புத் துண்டும் வெல்லமும் புளிக்கவைத்த கரைசலால் கோடு இழுத்தால் கறுப்பு பிடிக்கும். எழுதுகோல் மூங்கில் குச்சிதான். தொம்பை, தேர்ச்சீலை, குடை, மேல்விதானமாகக் கட்டும் ஆஸ்மான்கிரி என்று இதில் எழுதப்பட்ட பெரும்பாலானவை திருவிழாவுக்கான துணிகள். 2021இல் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் குறியீடு கிடைத்தது பொருளுக்கு, ஆளுக்கு இல்லை. ஜப்பானில் கலையைக் கையில் வைத்திருக்கும் மனிதரையே அரசு அங்கீகரிக்கிறது. ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று மக்கள் அழைக்கும் அந்த அங்கீகாரம் செரிசாவாவுக்கு 1956இல் கிடைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, ஓவியருக்குப் பின்னால் நின்று துளை அச்சை வெட்டிக் கொடுக்கும் இசே பகுதிக் கைவினைஞர்கள் ஆறு பேருக்கு அதே அங்கீகாரம் கிடைத்திருந்தது. இப்படி அங்கீகாரம் பெற்றவர்களுக்கு இன்று ஆண்டுக்கு 20 லட்சம் யென் உதவித்தொகை உண்டு. கலையை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பெயர் தெரியாத கைவினைஞரைப் போற்றக் கிளம்பிய இயக்கத்தில் இருந்தவருக்கே பெயரும் புகழும் அருங்காட்சியகமும் வந்து சேர்ந்தன. வேலை தெரிந்தவருக்கு வருமானமும் மரியாதையும் இருந்ததால்தான் அந்தக் கை வேலையை விடவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இதில் என்ன இருக்கிறது?

1930களிலிருந்தே ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். படம் அச்சடிக்க சிவகாசி இருக்கிறது. ஊரே கூடி இழுக்க ஆண்டாள் தேர் இருக்கிறது. துணி, அச்சு, திருவிழா மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் ஊர்கள் அதிகம் இல்லை. ஆனாலும் தேர்த் திருவிழாவுக்குப் போனவர் பால்கோவா வாங்கி வருகிறார், வளையல் வாங்கி வருகிறார். தேரை வரைந்த, கையால் செய்த ஒரு துணியை வீட்டுக்கு வாங்கி வருவது வழக்கத்தில் இல்லை.

துளை அச்சின் பலம் அங்கேதான். ஒரு தொம்பையைக் கையால் எழுதப் பல நாள் ஆகும். கோயில் வாங்கினால்தான் அது விற்கும். அச்சு ஒன்றை வெட்டிவிட்டால் அதிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம், விலையும் எட்டும். வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும் கைக்கு மற்ற நாட்களிலும் வேலை இருக்கும். செரிசாவாவின் நாட்காட்டி செய்தது அதைத்தான்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு வடம் பிடிக்கப் போகிறவர்கள், தேர் முட்டுக்கட்டைக்கு நிற்கும் நேரத்தில் தொம்பையைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கலாம். “இதை யாருங்க செஞ்சது?” என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டும் பார்க்கலாம்.