கடலை அடைத்து ஏரி கட்டினார்கள்!

"கீழ்வீட்டுக்காரரே, குழாயை மூடுங்க!"

1963-ல் ஹாங்காங் மாடி வீடுகளில் தண்ணீர் வரும் நாளெல்லாம் இந்தக் கூச்சல்தான். கீழே குழாய் திறந்திருந்தால் மேலே சொட்டுக்கூட ஏறாது.

அப்போது அது பிரிட்டிஷ் காலனி. மழை பொய்த்ததால் ஜூன் முதல் 4 நாளைக்கு ஒரு தடவை, அதுவும் 4 மணி நேரம்தான் சப்ளை. தெருக்குழாயில் வாளி, டின், நீண்ட கியூ! நம்ம ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய ஆறு இல்லாத ஊர். மழைதான் கதி. அந்த மழையும் கடலுக்கு ஓடிவிடாதபடி, மலைச்சரிவை ஒட்டி சிமெண்டு கால்வாய் போட்டு நீர்த்தேக்கத்துக்குத் திருப்பினார்கள்.

தேக்கி வைக்க இடம்? கடலிலேயே கை வைத்தார்கள் என்ஜினீயர்கள்!

புளோவர் கோவ் என்ற கடல் குடாவின் வாயை சுமார் 2 கிலோ மீட்டர் நீள அணையால் அடைத்தார்கள். உள்ளே சிக்கிய உப்புத் தண்ணீரை பம்பு வைத்து இறைத்தார்கள். 1960-ல் தொடங்கிய வேலை 1968-ல் முடிந்தது. 1973-ல் அணையை உயர்த்தியதும் கொள்ளளவு 23 கோடி கன மீட்டர். 1978-ல் ஹை ஐலண்டில் இன்னொன்று, 28 கோடி!

அப்படியும் போதவில்லை. 1965 முதலே சீனாவின் டோங்ஜியாங் ஆற்றுத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தண்ணீர் ரேஷன் ஒழிந்தது 1982-ல்தான்.