துச்சிலும் புக்கிலும்

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனிதர் குடியிருக்கும் மனையும் வீடு. பற்றறுத்தார் எய்தும் பேரின்ப நிலையும் வீடு. இரண்டும் ‘விடு’ என்னும் ஒரே அடியிற் பிறந்தவை என்பர். புறத்தே பட்ட அலைச்சலை விட்டு இளைப்பாறும் இடமாதலின் மனைக்கு அப்பெயர் நன்கு பொருந்துகின்றது. அங்ஙனமாயின், எந்த நேரத்திலும் ‘விட்டுப் போ’ என்று பிறர் ஏவத்தக்க இடத்தையும் வீடு என்று வழங்கலாமா?

இக்கேள்விக்கு வள்ளுவரிடம் ஒரு குறிப்பு உண்டு. நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உடம்பின்கண் உயிர் தங்கும் முறையை விளக்கும் அப்பெருந்தகை ‘துச்சில்’, ‘புக்கில்’ என்னும் இரு சொற்களை எதிரெதிர் நிறுத்துகின்றார். பிறர்க்குரிய இடத்தில் ஒதுங்கியிருக்கும் இருப்புத் துச்சில். புகுந்தபின் நிலையாக உறையும் இல் புக்கில். உயிரைப் பற்றிய ஆராய்ச்சியை ஞானிகட்கு விட்டுவிட்டு, இவ்விரு சொற்களையும் நம் மலையகத்து மனைகள்மேல் வைத்துப் பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

நோட்டன் பிரிட்ஜ் கெசல்கமு ஓயாவின் ஓரத்தில் அமைந்த சிற்றூர். இங்குள்ள அணையிற் தேங்கும் நீரே சுரங்கவழியாகச் சென்று பழைய லக்சபான மின்னிலையத்தை 1950ஆம் ஆண்டு முதல் இயக்கி வருகின்றது. காசல்ரீயிலிருந்து இறங்கும் நீர், 1965இல் எழுந்த விமலசுரேந்திர மின்னிலையத்தைச் சுழற்றிவிட்டு இந்நீர்த்தேக்கத்தை வந்தடையும். தொலைதூர நகரங்கள் இந்நீரால் ஒளிபெற்ற காலத்தில், சுற்றியிருந்த லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது.

இம்மலைப்புறங்களுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் வாடகைக்கு வீடு தேடுவது வழக்கம். அண்மையில் மட்டக்களப்பிலிருந்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர், ஐந்தாறு ஆண்டுகள் குடும்பத்தோடு தங்குதற்கேற்ற வீடு ஒன்றைத் தெரிவுசெய்ய என்னையும் அழைத்துச் சென்றார். முதலிற் கண்ட வீட்டின் முன்றிலில் நின்றவர், “ஐயா, இங்கிருந்து அணை முழுவதும் தெரிகின்றதே! இதுவே போதும்” என்றார். “தம்பி, அணையை நாளைக்கும் பார்க்கலாம். முதலில் வீட்டின் பின்புறத்தைப் பார்ப்போம்” என்றேன்.

மலைநாட்டு வீட்டின் குணமும் குற்றமும் பெரும்பாலும் பின்புறத்திலேதான் இருக்கின்றன. இங்கே மே மாதத்திற் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது பெய்யும். அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டுமழை ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர். ஆதலின் வெயிற் காலத்தில் வீடு பார்ப்பவர் பாதி வீட்டையே பார்த்தவராவர். சுவரின் அடியில் ஈரக்கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கின்றது, தகரக்கூரையின் ஆணித்துளைகளில் துரு உண்டா, காலை வெயில் எந்த அறையில் விழுகின்றது என்பவற்றை நோக்கல் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டிற்குக் காலை வெயில் ஒரு மருந்து.

அடுத்தது சரிவு. மண்ணை வெட்டி வீடு கட்டிய இடத்தில், வெட்டுமுகத்திற்கும் சுவருக்கும் இடையே எத்தனை அடி உண்டென்று அளத்தல் வேண்டும். நிலத்திற் புதுவெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர், இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்த பின்னரே முற்பணம் கொடுத்தல் நன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘டித்வா’ சூறாவளி அத்துயரை மலைநாடெங்கும் புதுப்பித்தது.

மூன்றாவது அயல். கோவலனையும் கண்ணகியையும் அடைக்கலமாக ஏற்ற மாதரி, அவர்களைத் தன் சுற்றத்தார் நெருங்கி வாழும் மனைகளுள் வைக்கவில்லை. செம்மண் பூசிப் பந்தரிட்ட, காவலுடைய தனிச் சிற்றில் ஒன்றில் குடியிருத்தினாள் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். வந்தவர்க்குத் தனிமையும் வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஆளும் வேண்டும் என்பதை அவ்விடைக்குல மடந்தை அறிந்திருந்தாள். வாடகை வீடு தேடுவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

இவை யாவும் கண்ணாற் கண்டு தெளியத்தக்கவை. நான்காவதாகிய உரிமையோ ஏட்டில் மட்டுமே காணத்தக்கது. பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறங்களில் நெடுங்கால வாடகைக்கு வீடு தேடுவோர் பலர். தளபாடமின்றி நிலையான குடியிருப்புக்கு வாடகைக்கு விடும் வீட்டை, உரிமையாளர் தனியாளாயின், பொதுவாக மூன்றாண்டுக்குக் குறையாமல் ஒப்பந்தம் செய்தல் வேண்டும் என்று அந்நாட்டின் 1989 சூலை 6ஆம் நாட்சட்டம் விதிக்கின்றது. குடிபுகும் நாளில் வீட்டின் நிலைமையை இருவரும் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். நவம்பர் முதல் நாளிலிருந்து மார்ச்சு இறுதி வரை, சில விலக்குகள் நீங்கலாக, குடியிருப்போரை வெளியேற்றலாகாது என்னும் குளிர்கால விதியும் அங்கு உண்டு. பனிக்கு அஞ்சிச் செய்த அவ்விதியை நினைக்கும்போது, நமது அடைமழைக்கும் அத்தகைய விதி ஒன்று இருந்தாலென்ன என்று தோன்றுகின்றது.

நம் நாட்டிலும் ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் விதி. வாய்ச்சொல்லே போதுமென்று குடிபுகுவோரே பலர். அன்று நாங்கள் பார்த்த மூன்றாம் வீட்டுக்காரர், “உறுதி எதற்கு ஐயா? நாமென்ன அந்நியரா?” என்றார். “அந்நியராகாமல் இருப்பதற்குத்தான் உறுதி” என்றேன். அவரும் சிரித்து உடன்பட்டார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு லயத்து இஸ்தோப்பில் ஒதுங்கினோம். கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் எமக்குத் தேத்தண்ணீர் தந்தார். வீடு தேடிய கதையைக் கேட்டவர், உள்ளே இருந்த ஒற்றைக் காம்பராவைக் காட்டி, “எங்க அப்பாயி காலத்துல இருந்து இதுலதாங்க இருக்கோம், ஐயா. நம்ம வீடுன்னுதான் சொல்லுறோம். ஆனா கடுதாசி ஒண்ணுமில்லீங்களே” என்றார்.

அச்சொல்லைக் கேட்டபின் யான் அதுவரை உரைத்த இலக்கணமெல்லாம் சிறிதாகிவிட்டது. வழமையான லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு வாடகை இல்லை, உழைப்பே வாடகை. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தல் அங்கே தங்குவதற்குரிய நிபந்தனையாக இருந்து வந்தது. தலைமுறை நான்கைந்து கடந்தும் அது துச்சிலாகவே நிற்கின்றது. தோட்டங்களை நடத்தும் கம்பனிகளின் நிலை வேறு. 1992இல் அரசிடமிருந்து தோட்டங்களைப் பொறுப்பேற்ற அவை 53 ஆண்டுக் குத்தகையை எழுத்திற் பெற்றிருக்கின்றன; அது 2045இல் முடியும். நேற்று வந்த கம்பனிக்கு ஏடு உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக வாழும் குடிக்கு ஏடு இல்லை.

இவ்வழக்கு ஒருமுறை இலண்டன் வரை சென்றது. கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராமக் குடியேற்றத்திற்கென்று கையேற்றபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்க்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் காம்பராக்களை விட்டு அசையவில்லை. 1946இல் அதன்பொருட்டு வேலைநிறுத்தமும் எழுந்தது. அத்துமீறிய குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்ட தொழிலாளி செல்வநாயகத்தின் மேன்முறையீட்டை 1950இல் பிரிவிக் கவுன்சில் ஏற்றது. பிறரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடன்றித் தன் இருப்பிடத்தைக் காக்கும் எண்ணத்தோடு ஒருவன் தங்கியிருத்தல் அக்குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். குற்றம் நீங்கியது; எனினும் வீடு அவனுடையதாகவில்லை. 1947இல் முதற் பாராளுமன்றத்திற்குத் தலவாக்கலையிலிருந்து சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, பின்னர்த் தாம் எழுதிய நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டதன் ஆழம் இங்கே விளங்கும்.

நிலைமை சிறிதும் மாறவில்லை என்று கூறுதல் நீதியாகாது. குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்னும் கொள்கை பிறந்திருக்கின்றது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடியில் வளர்ந்தவர்க்கு அது சிறிதன்று. இந்திய உதவியாக மலையகத்திற்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதம் நமது நோர்வூட்டிலேயே அறிவிக்கப்பட்டன. எனினும் சுவர் எழுந்தமட்டில் வீடு நிறைவெய்தாது. அதனோடு காணி உறுதியும் கைக்கு வரல் வேண்டும். உறுதியற்ற புதுவீடு, வெள்ளையடித்த துச்சிலேயன்றிப் புக்கில் ஆகாது.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. மாற்றலாகி வந்து சில ஆண்டே தங்கும் நாம் நொத்தாரிசிடம் சென்று உறுதி எழுதிக்கொள்கின்றோம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனின் பெற்றோர்க்கோ அவ்வழி தெரியாது, தெரிந்தாலும் திறப்பதில்லை. வெண்பாவுக்குத் தளை பார்க்கக் கற்பிக்கும் நாம், மேல்வகுப்பு மாணவர்க்கு ஓர் உறுதியை வரிவரியாக வாசிக்கவும் கற்பிக்கலாம்: எல்லை எது, பரப்பு எவ்வளவு, பெயர் யாருடையது, தாயின் பெயரும் அதில் உண்டா என்று அவர்கள் கேட்கப் பழகட்டும். 2045இல் கம்பனிகளின் குத்தகை முடிந்து, இந்நிலத்தை யாருக்கு எழுதுவது என்னும் பேச்சு மீண்டும் எழும்பொழுது, அக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை இம்மலைகளில் இருத்தல் வேண்டும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளே அத்தலைமுறை. அவர்களுக்குக் கற்பிக்கப் போதிய காலம் இன்னும் நம் கையில் இருக்கின்றது.