பள்ளி வாசலில் நாற்பது சதவீதம்

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கேட்டால், பள்ளிகள் முதலில் சான்றிதழ் கேட்கின்றன. சட்டம் அப்படிக் கேட்கச் சொல்கிறதா?

வங்காளத்தின் மாநில வாரியப் பள்ளிகளுக்கு ஜனவரியில் கல்வியாண்டு பிறக்கிறது. ஆகவே டிசம்பர் வந்தால் கொல்கத்தாவின் கரியாஹாட் வட்டாரத்தில் சேர்க்கைப் படிவங்களோடு அலைச்சல்தான். லேக் மார்க்கெட், ராஸ்பிஹாரி அவென்யூ, டாக்குரியா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கடிதங்கள் இந்தப் பருவத்தில் ஒரே குழப்பத்தைத்தான் சுமந்து வருகின்றன. "நாற்பது சதவீதம் இருந்தால்தான் சலுகை, இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளைப் போலத்தான் நடத்துவோம் என்கிறார்கள்." "நாற்பதுக்கு மேல் என்றால் எங்களால் முடியாது, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள் என்கிறார்கள்." "பிள்ளைக்கு ஏழு வயதுதான் ஆகிறது, இப்போது சான்றிதழ் தர முடியாது என்கிறார் டாக்டர்."

ஆட்டிசம் என்றால் என்ன, டிஸ்லெக்சியா என்றால் என்ன என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. கடிதம் எழுதியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். அவர்களைச் சுற்றலில் விடுவது அந்த நாற்பது என்ற எண். அதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாற்பது எங்கிருந்து வந்தது?

2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலிருந்து. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் இந்தச் சட்டம், குறைபாடு உள்ளவர், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர் என இரண்டு பேரைப் பற்றித் தனித்தனியாகப் பேசுகிறது. முதலாமவருக்குச் சதவீதக் கணக்கு கிடையாது.

பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது 16ஆம் பிரிவு. பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து அதற்குத் தக்கபடி கற்பிக்க வேண்டும், ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது அது. அரசுப் பணம் பெறும் பள்ளிக்கும் அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். இந்தப் பிரிவில் நாற்பது என்ற எண்ணே இல்லை.

அந்த எண் வேறு இடங்களில் வருகிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தரும் 31ஆம் பிரிவில் வருகிறது. உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் இடஒதுக்கீட்டுக்கு வருகிறது. பழைய வரி முறையில் 80டிடி பிரிவின் கீழ் பெற்றோர் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளவும் அதுதான் எல்லை. எல்லாம் அரசு கஜானாவோ ஒதுக்கீட்டுப் பட்டியலோ சம்பந்தப்பட்டவை. முன் பெஞ்சில் உட்கார வைக்க, கரும்பலகையில் எழுதியதைத் தாளில் தர, தேர்வில் கால் மணி நேரம் கூடுதலாகத் தர எந்தச் சதவீதமும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. 16ஆம் பிரிவின்படி, பள்ளிகள் இதையெல்லாம் செய்ய வைக்க அரசு 'முயல வேண்டும்'. செய்தே தீர வேண்டும் என்று எழுதவில்லை. 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்று அரசு விளம்பரங்களில் படிக்கும்போதெல்லாம் இந்த ஒரு வினைச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சதவீதத்தை எப்படிப் போடுகிறார்கள்?

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். சதவீதம் என்றதும் நூறில் இத்தனை பங்கு என்று துல்லியமாக அளந்து சொல்கிறார்கள் என்று தோன்றும். நடப்பது வேறு. 2018 ஜனவரியில் மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருந்தது படிக்கட்டு. படிக்கும் படிக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

அறிவுசார் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். அளவுகோலின் பெயர் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் எட்கர் டால் 1935இல் உருவாக்கியது. பின்னர் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றி அமைத்தார். பிள்ளை அன்றாடம் தானாக என்னென்ன செய்கிறது என்று பெற்றோரிடம் கேட்டு, அதிலிருந்து 'சமூக வயது' ஒன்றைக் கணிப்பார்கள். அதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் மதிப்பெண். 55 முதல் 69 வரை மதிப்பெண் என்றால் குறைபாடு 50 சதவீதம். 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம். நாற்பது என்ற கோடு இந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வயது, அதாவது 72 மாதப் பிள்ளை. சமூக வயது 50 மாதம் என்று வந்தால் மதிப்பெண் 69. குறைபாடு 50 சதவீதம், சலுகை எல்லாம் உண்டு. 51 மாதம் என்று வந்தால் மதிப்பெண் 70ஐத் தாண்டிவிடும். குறைபாடு 25 சதவீதம், கஜானாக் கதவு மூடிவிடும். ஒரே ஒரு மாதம். அந்த வயதுக் கட்டத்தில் ஒரு கேள்விக்கான பதில் மாறினால் போதும்.

அந்தக் கட்டத்துக் கேள்விகள் எப்படிப்பட்டவை? முகத்தைத் தானே கழுவுகிறதா? முடிச்சுப் போடுவது தவிர உடையைத் தானே உடுத்துகிறதா? அக்கம்பக்கத்தில் துணையின்றிப் போய்வருகிறதா? கடைசிக் கேள்வியைக் கரியாஹாட் முக்கில் நின்று கேட்டுப் பாருங்கள். மேலே மேம்பாலம், கீழே பஸ்ஸும் ஆட்டோவும், நடைபாதை முழுக்கப் புடவைக் கடைகள். எந்தக் குறையும் இல்லாத ஆறு வயதுப் பிள்ளையைக்கூட இங்கே யாரும் தனியாக அனுப்புவதில்லை. காலையில் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும் அவசரத்தில் பொத்தானைப் போட்டுவிடுவது அம்மாதான். பிள்ளைக்கு முடியவில்லையா, வாய்ப்பே கிடைக்கவில்லையா?

இந்த வித்தியாசம் டாலுக்குத் தெரிந்தே இருந்தது. வாய்ப்புக் கிடைக்காமல் போனதைத் தனியாகக் குறிக்கவும், கிடைத்திருந்தால் பிள்ளை செய்திருக்கும் என்று சோதிப்பவருக்குத் தோன்றினால் அதற்கு மதிப்பெண் தரவும் அவருடைய முறையிலேயே இடம் உண்டு. கூட்டம் நெரியும் ஒரு புறநோயாளிப் பிரிவில் அதை யார் பொறுமையாகக் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். எனவே 'இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏன் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

இதே படிக்கட்டு ஆட்டிசத்துக்கு வேறு மாதிரி கட்டப்பட்டிருந்தது. இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் ஆட்டிசம். அந்த முதல் படியே 40 சதவீதத்தில் தொடங்குகிறது. படியில் கால் வைத்தவர் எல்லாரும் கோட்டுக்கு மேலே. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரித் திணறும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குச் சலுகையும் மற்றவருக்கு வெறுங்கையும் கிடைப்பது, அவர்கள் எந்த வரிசையில் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்கச் சொன்னது 2018 வழிகாட்டுதல். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை என்று அலைந்து பிள்ளை ஒரு படி முன்னேறினால், தொடக்கப் பள்ளி முடியும் தறுவாயில் அந்த முன்னேற்றமே சலுகையைப் பறிக்கும்.

வழிகாட்டுதல் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் பிள்ளையின் மதிப்பீடு எந்த ஆண்டு விதிப்படி நடந்தது என்று மருத்துவக் குழுவிடம் கேட்டு, அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏழு வயதுக்கு ஏன் சான்றிதழ் இல்லை?

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு 2018 விதி வைத்த குறைந்தபட்ச வயது எட்டு. காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து, ஆறு வயதில் எழுத்துகளைத் திருப்பிப் போடும் பிள்ளைகளில் பலர் தாமாகவே சரியாகிவிடுவார்கள். அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. ஆனால் சட்டம் 'சீக்கிரம் கண்டறி' என்கிறது, விதி 'எட்டு வரை பொறு' என்கிறது. நடுவே இரண்டு வகுப்புகள் ஓடிவிடுகின்றன. வாசிக்கக் கற்கும் வகுப்புகள் அவைதான். சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்கும் பள்ளி விதியை மீறவில்லை, பிள்ளையைத்தான் கைவிடுகிறது.

சிறப்பாசிரியர் எங்கே?

ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. நியமனம் நடக்கும்வரை அருகருகே உள்ள பள்ளிகளுக்குச் சுற்றுமுறையில் ஆசிரியரை அனுப்பலாம் என்றும் வழி காட்டியது. ஏறக்குறைய மூன்றரை ஆண்டு கழித்து, 2025 மார்ச் 7 அன்று, மாநிலங்கள் இன்னும் பணியிடங்களை முறைப்படி அறிவிக்கவில்லை என்று கண்டு, மூன்று வாரக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

இந்த விகிதத்திலும் ஒரு சுழல் உண்டு. பத்துப் பேரைப் பதிவேட்டில் காட்டினால்தான் ஆசிரியர். ஆசிரியர் இல்லை என்று சொல்லித்தான் பள்ளி பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பிய பிள்ளை பதிவேட்டில் ஏறுவதில்லை.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

சென்னையில் வாங்கிய சான்றிதழ் கொல்கத்தாவில் செல்லுமா?
செல்லும், 58ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் பொருந்தும் என்கிறது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வர எவ்வளவு நாள்?
முன்பு விதியில் ஒரு மாதம். 2024 திருத்தத்தில் மூன்று மாதம். வேகம் கூடவில்லை, கெடு நீண்டுவிட்டது.

அரசுப் பள்ளிக்கு இதற்கென்று பணம் வருகிறதா?
சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. மாதக் கணக்கில் முந்நூறு ரூபாய்கூட இல்லை.

உடன் உட்கார 'ஷேடோ டீச்சர்' வைத்தால் செலவு யாருடையது?
நடைமுறையில் பெற்றோருடையது; சட்டத்தில் தனி ஆதரவு என்று இருக்கிறது, பணம் யார் தர வேண்டும் என்று இல்லை.

மருத்துவக் காப்பீடு?
ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்குறைபாடு ஆகியவற்றுக்கு நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டம், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை.

கொல்கத்தாவில் யாரிடம் ஆலோசனை கேட்கலாம்?
பெருமூளை வாதத்துக்கும் பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகளுக்கும் 1974 முதல் இயங்கும், இப்போது தாராதலாவில் உள்ள இந்தியப் பெருமூளை வாத நிறுவனம். ஆட்டிசத்துக்கு ஆட்டிசம் சொசைட்டி வெஸ்ட் பெங்கால்.

பள்ளி மீறினால் தண்டனை உண்டா?
முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். பல தனியார் பள்ளிகளின் சேர்க்கைக் கட்டணத்தைவிடக் குறைவு.

புகார் யாரிடம்?
மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம். அவர் பரிந்துரைப்பார், பரிந்துரையைப் பெற்ற அமைப்பு அதை ஏற்காவிட்டால் ஏன் என்று மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும்.

பள்ளிக்குப் போகும்போது எதைக் கொண்டு போவது?
பிள்ளைக்கு வகுப்பில் தேவைப்படும் மூன்று நான்கு மாற்றங்களை எழுதி, 16ஆம் பிரிவைக் குறிப்பிட்ட ஒரு பக்கக் கடிதம். பெற்றுக்கொண்டதற்கு அதன் பிரதியில் பள்ளி முத்திரை வாங்குங்கள். முடியாது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், அன்று யார் என்ன சொன்னார் என்பதை அன்று மாலையே அந்தப் பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆணையரிடம் செல்லுபடியாகும் ஆதாரம் அதுதான்.