இரண்டு கட்டைகளுக்கு நடுவே

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக்கு நடந்து போகிறவர்களின் காதில் இரண்டு விதமான ஓசை மாறி மாறி விழும். தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளிலிருந்து வருவது கணினியில் கோத்த பாட்டு. காவடிக்கு முன்னால் போவது உறுமி. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து, மறுபக்கத்தை நேரான குச்சியால் அடிக்கும்போது எழும் அந்த உறுமலைக் கீபோர்டின் கட்டை ஒன்றுக்குள் அப்படியே அடைத்துவிட முடியாது. ஏன் முடியாது என்று பார்த்தாலே, இன்றைய இசையமைப்பாளரின் மேசையில் இருக்கும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது விளங்கிவிடும்.

கணினி இசையை இரண்டு வழிகளில் வைத்துக்கொள்கிறது. முதலாவது, ஒலியையே எண்களாக்கி வைப்பது. குறுந்தட்டுக்காக வகுத்த அளவின்படி, மைக் வழியாக வரும் அலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஓர் அலையைப் பிசகாமல் மீட்டெடுக்க அதன் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால் போதும். அதனால்தான் அந்த எண். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 எம்பி இடம் பிடிக்கும்.

இரண்டாவது வழியின் பெயர் மிடி. இதில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கேஹாஷி ஆகியோரின் முயற்சியில், போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி 1983-இல் இந்தப் பொதுமொழியைக் கொண்டுவந்தன. ஒரு கட்டளைக்கு மூன்று பைட் போதும். கம்பி வழியே போய்ச் சேர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். பியானோவின் நடு ‘ஸி’க்கு எண் 60.

இசையமைப்பவருக்கு இதனால் கிடைத்த சுதந்திரம் மிகப் பெரியது. வாசித்து முடித்த மெட்டை மறுநாள் ஒரு கட்டை ஏற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், புல்லாங்குழலை வயலினாக்கலாம். யாரையும் திரும்ப அழைக்க வேண்டியதில்லை.

தமிழ்த் திரையிசையில் கணினி நுழைந்த இடமாகப் பலரும் சொல்வது 1986-இல் இளையராஜா இசையில் வந்த ‘புன்னகை மன்னன்’. யமஹாவின் சிஎக்ஸ்5எம் கணினி அதில் பயன்பட்டது. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள்தான் அதற்குள் அடங்கும். இளையராஜாவோ முழு இசைக்குழுவுக்கும் உரிய குறிப்புகளை மனத்தில் கேட்டபடியே தாளில் நேரடியாக எழுதிக் கொடுப்பவர். பாட்டு அவர் தலைக்குள் முடிந்த பிறகுதான் கூடத்துக்கு வரும்; கணினியும் அவருக்கு இன்னொரு வாத்தியம். 1989-இல் கோடம்பாக்கத்து வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, 1992-இல் ‘ரோஜா’ தந்த ஏ.ஆர். ரஹ்மான் வழி வேறு. வாத்தியக்காரர்களைத் தனித்தனியே வரவழைத்து, விருப்பம்போல் வாசிக்கவிட்டுப் பதிவுசெய்து, அதிலிருந்து பொறுக்கிக் கோப்பார். கூடமே அவருக்கு எழுதும் தாள். இன்று ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீடொன்றில் மடிக்கணினியோடு உட்காரும் இளைஞர், தெரிந்தோ தெரியாமலோ, இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கிறார்.

ஆனால் மிடியை வகுத்தவர்கள் கண் முன்னே இருந்தது கட்டைகள் கொண்ட வாத்தியம். நம் இசையின் உயிர் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தினால் அது தோடியே ஆகாது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அது ஊசலாட வேண்டும்; இந்த அசைவுதான் கமகம். கீபோர்டில் இதற்கென்று இடப்பக்கம் ஒரு சக்கரம் உண்டு. அதை உருட்டினால் சுரம் வளையும். 16,384 படிகள் கொண்ட நுட்பமான சக்கரம்தான். ஆனால் வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரங்களுக்கு மேல் போகாது. ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும். வலக்கை சுரத்தைப் பிடிக்க, இடக்கை கமகத்தைப் பிடிக்க, இரண்டும் ஒன்றாக மூச்சுவிடப் பல ஆண்டு சாதகம் தேவை. நாதசுரக்காரர் உதட்டாலும் மூச்சாலும் செய்வதை இங்கே மணிக்கட்டு செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு விடை, கட்டைகளையே நீக்கிவிடுவது. லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய கன்டினுவம் என்ற கருவியின் மேற்பரப்பு ஒரே சமதளம்; விரலை இழுத்துக்கொண்டே போகலாம். 2009-இல் வந்த ‘தில்லி-6’ படப் பாடலொன்றில் ரஹ்மான் அதை வாசித்திருக்கிறார். ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு தரும் முறை 2018-இல் மிடியின் விதிகளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்தாலும், நம் காதுக்கு இது நல்ல செய்தி.

உறுமியின் சிக்கல் வேறு. தாளக் கருவிகளைக் கணினிக்குள் கொண்டுவர, ஓர் அடியைப் பதிவுசெய்து ஒரு கட்டையில் ஏற்றிவைப்பார்கள். அதன் பெயர் சாம்பிள். ஒரே சாம்பிளை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் மனிதன் அடிக்கும் இரண்டு அடிகள் ஒருபோதும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆகவே ஒரே அடியை மெதுவாக, ஓங்கி, நடுத்தரமாக என்று பலமுறை பதிவுசெய்து, கருவி அவற்றை மாற்றி மாற்றி எடுக்கும்படி அமைப்பார்கள். தவிலின் அடிக்கு இது ஓரளவு கைகொடுக்கும். உறுமியின் தேய்ப்பு ஒரு நொடியில் முடிந்துவிடும் அடி அல்ல. குச்சியின் அழுத்தமும் தோலின் இழுவையும் கணத்துக்குக் கணம் மாறும். சுருதியும் கூடவே ஏறி இறங்கும். அங்கே வெட்டி ஒட்டுவதைவிட ஒரு நீண்ட சொற்கட்டை முழுதாகப் பதிவுசெய்து பயன்படுத்துவதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இசை மென்பொருளைத் திறந்தவுடன் தெரியும் முதல் திரை. பெரும்பாலானவை நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கு எண்ணிக்கைத் தாளம் என்ற அளவோடுதான் திறக்கின்றன. இன்னும் ஒரு சுரம்கூடப் பிறக்கவில்லை. அதற்குள் கட்டம் போட்டாயிற்று. பிறகு, கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விழுந்த சுரங்களைக் கோட்டுக்கு இழுத்துவிடும் பொத்தானும் இருக்கிறது. அருள் இறங்கும் நேரத்தில் உறுமி மேளத்தின் வேகம் படிப்படியாக ஏறும். அந்த ஏற்றத்தில்தான் அதன் சக்தி. அதைக் கோட்டுக்கு இழுத்தால் சரியான தாளம் கிடைக்கும், மேளம் போய்விடும். புதிதாக இசையமைக்க வருகிறவர்கள் முதலில் கைப்பேசியில் மெட்டை முனகிப் பதிவுசெய்துகொள்ள வேண்டும், வேகத்தையும் நடையையும் அந்த முனகலிலிருந்து எடுத்துப் பிறகுதான் திரையில் குறிக்க வேண்டும் என்பேன். மிச்ர சாப்பின் ஏழு எண்ணிக்கையோ மாறும் வேகமோ கணினிக்குப் பெரிய வேலையல்ல. நாம் கேட்டால் தரும்.

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதமும் வாசிப்பைக் கெடுக்கும் என்பார்கள். கணினி ஒலியைச் சிறு சிறு பொதிகளாகக் கையாள்கிறது. 512 அளவுகள் கொண்ட ஒரு பொதிக்கு 11.6 மில்லிநொடி ஆகும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் நான்கு மீட்டர் போகும். அதாவது உறுமி மேளத்தில் நான்கு மீட்டர் தள்ளி நடக்கும் தோழரின் அடி நமக்கு எவ்வளவு தாமதமாகக் கேட்குமோ, அவ்வளவுதான். அவர்கள் அதோடு பழகி ஒன்றாக வாசிக்கிறார்கள்.

கணினியின் இந்த வேகத்துக்குக் காரணமான சில்லுகளோடு பினாங்குக்கு நெருங்கிய உறவு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கு வந்த முதல் எட்டு நிறுவனங்களில் இன்டெலும் இருந்தது, காருக்கான ஒலிக்கருவி செய்த கிளாரியனும் இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் பலர் அங்கே இரவு ஷிப்டில் வேலை பார்த்தவர்கள்.

மலேசியத் தமிழர்களுக்குக் கருவியைத் தம் வழிக்குத் திருப்பிய அனுபவமும் உண்டு. யோகி பி குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பில், ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாடலுக்கு ராப் வடிவில் மறுபிறவி கொடுத்தபோது, தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது.

இங்கே அடுத்துச் செய்ய வேண்டியது உறுமியை ஒழுங்காகப் பதிவுசெய்வது. தைப்பூசக் கூட்டத்தில் அது நடக்காது. ஆயிரம் குரல்களும் பந்தல் பாட்டும் கலந்துவிடும். திருவிழா முடிந்த ஒரு வாரத்தில், தேர்ந்த குழு ஒன்றை அமைதியான கூடத்துக்கு அழைத்து, தேய்க்கும் பக்கத்துக்கு ஒரு மைக், அடிக்கும் பக்கத்துக்கு ஒரு மைக், மூன்று மீட்டர் தள்ளி இன்னும் இரண்டு வைக்கலாம். மெல்லத் தொடங்கி வேகம் ஏறும் வரை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்தவர்களின் பெயர்களைக் கோப்பிலேயே எழுதி, உரிய சன்மானத்தையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.