இவ்வளவுதானா?

"இவ்வளவுதானா? இதுக்கா நாலு மணி நேரம் வேன்ல உட்கார்ந்து வந்தோம்?"

கடந்த பருவ விடுமுறையில் நண்பர்கள் ஐவர் கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கிற்குச் சென்றிருந்தோம். மெர்போக்கிலுள்ள புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் முன் நின்றபோது கோலாலம்பூர்த் தோழி ஒருவர் கேட்ட கேள்வி இது. சண்டி என்பது பழங்காலக் கோயிலுக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர். வேனில் ஒரு கணம் அமைதி. பயணத்தை ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தோழியைக் குறை சொல்வதற்கில்லை. 'கடாரம் கொண்டான்' என்று கேட்டு வளர்ந்த தமிழ் மாணவர்களின் மனத்தில் கடாரம் என்றதும் எழுவது தஞ்சைப் பெரிய கோயிலின் சாயல்தான். கண்முன் இருந்ததோ கூரையில்லாத ஒரு கருங்கல் மேடை, சில படிகள், வரிசையாகத் தூண் தாங்கு கற்கள். அவ்வளவுதான்.

பெயர் பெற்ற இடங்களுக்குப் போய் ஏமாந்து திரும்புவது உலகெங்கும் நடப்பது. நமக்கு அருகிலேயே சிங்கப்பூரின் மெர்லயன் இருக்கிறது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அவ்வுருவம் முதலில் சிலையே அன்று. 1964-இல் சுற்றுலாக் கழகத்தின் சின்னமாக வரையப்பட்ட படம். சிலை 1972 செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் உயரம் 8.6 மீட்டர்; ஏறக்குறைய மூன்று மாடி. ஆனால் அஞ்சலட்டைப் படங்கள் பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி எடுக்கப்படுவதால் வானளாவி நிற்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து அதை மறைக்க, 2002-இல் சிலையையே 120 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். பெரிதாக இருந்தால் பிடித்திருக்குமோ என்றால் அதுவும் இல்லை. செந்தோசாத் தீவில் 37 மீட்டர் உயரத்தில் இன்னொரு மெர்லயன் இருந்தது. அது 2019-இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. சிறியதுதான் இன்றும் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது!

ஆக, சிலை நம்மை ஏமாற்றவில்லை. நாம் எடுத்துச் சென்ற படம்தான் ஏமாற்றியது. ஆனால் இதுவும் முழு விளக்கமாகாது. ஒரே சிலையைப் பார்த்துவிட்டு ஒருவர் அலுத்துக்கொள்ள, பக்கத்திலிருப்பவர் மகிழ்ச்சியோடு பத்துப் படங்கள் எடுக்கிறாரே, அது ஏன்?

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி பிளாக் 1974-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பயணிகளில் ஒரு முனையில் இருப்பவர்கள் பழகிய உணவு, பழகிய வசதி, முன்பே அறிந்த காட்சி ஆகியவற்றை நாடுபவர்கள். மறுமுனையில் இருப்பவர்கள் புதுமையைத் தேடி, வசதிக் குறைவைப் பொருட்படுத்தாமல் செல்பவர்கள். நம்மில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறோம். ஓர் இடத்தை முதலில் கண்டுபிடிப்பவர்கள் புதுமை தேடிகள். அவர்கள் சொல்லக் கேட்டு நடுத்தரத்தார் வருவார்கள். அவர்களுக்காகத் தங்கும் விடுதியும் கடைகளும் எழும்பும். அந்த வசதியை நம்பிக் கடைசியாகப் பழக்கப் பிரியர்கள் வருவார்கள். அதற்குள் முதலில் வந்தவர்கள் "அந்த இடம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேறிடம் போயிருப்பார்கள். 2008-இல் ஜார்ஜ்டவுனோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மலாக்காவின் ஜோங்கர் தெருவை வார இறுதி இரவில் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெரிசலே பிடிக்கும் என்பவர்களும் என் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பூஜாங் பள்ளத்தாக்கு இந்தக் கணக்கில் அடங்காதது. அது கண்ணுக்கு விருந்து வைக்கும் இடமன்று. தெரிந்துகொண்டு போனால்தான் தெரியும். என் கதையையே சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் கடாரம் என்று சொன்னபோது கப்பலும் யானையும் என் கண்ணில் ஓடின. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியின் வரலாற்றுப் பாடத்தில் 'லெம்பா பூஜாங்' என்று படித்தேன். வணிகத் துறைமுகம், தேர்வுக்குரிய நாலு குறிப்பு. இரண்டும் ஒரே மண் என்று எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு பள்ளியில் பெருமையைக் கற்றேன், மறு பள்ளியில் செய்தியைக் கற்றேன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அப்போது யாரும் இருக்கவில்லை.

அங்கே கோபுரம் ஏன் இல்லை? கட்டியவர்கள் அடித்தளத்தைக் கல்லாலும் மேற்பகுதியை மரத்தாலும் அமைத்தார்கள். நமது மழையில் மரம் எத்தனை காலம் தாங்கும்? மரத்தூண்கள் நின்ற கல் தாங்கிகள் மட்டும் எஞ்சின. எங்களோடு வந்த பொறியியல் மாணவன் அந்தக் கற்களை எண்ணி, தூண்களின் இடைவெளியைக் காலடியால் அளந்து, கூரை இப்படி இறங்கியிருக்கும் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது கோயிலாகத் தெரிந்தது. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் இப்பகுதியை அகழ்ந்தார். பிறகு அலஸ்தேர் லேம்ப் இந்தச் சண்டியை ஆராய்ந்து சீரமைத்தார். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. வங்கக் கடலைக் கடந்து வந்தவர்கள் காற்று திரும்பும்வரை காத்திருந்து, சரக்கு மாற்றி, சாமி கும்பிட்டுச் சென்ற ஊர் அது.

இங்கே நம்மவர்கள் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இவையெல்லாம் இராசேந்திர சோழன் கட்டிய கோயில்கள் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1025-இல் அவன் கடற்படை கடாரத்தைத் தாக்கியது உண்மை. தஞ்சைக் கல்வெட்டும் கடாரத்தின் பெயரைச் சொல்கிறது. ஆனால் அவன் இங்கே கோயில் எழுப்பியதாக அக்கல்வெட்டு சொல்லவில்லை. செபெராங் பிறையில் கிடைத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டு 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். அதாவது படை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் வணிகம் நடந்திருக்கிறது. வெற்றிக் கதையை மட்டும் ஊதிப் பெரிதாக்கி அனுப்பினால், போகிறவர் கருங்கல் மேடையைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று கேட்காமல் வேறென்ன கேட்பார்?

அந்தக் கேள்விக்கு ஒரு விலையும் இருக்கிறது. 2013-இல் இப்பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தது. அது தனியார் நிலத்தில் இருந்தது. வரலாற்றுச் சின்னமாக அரசிதழில் பதிவு பெறவில்லை. மண்வாரி இயந்திரத்தை ஓட்டியவரின் கண்ணுக்கு அது பழைய கற்குவியலாகத்தான் தெரிந்திருக்கும். மெர்லயனை யார் எவ்வளவு குறை சொன்னாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, நகர்த்தியாவது காப்பாற்றுவார்கள். இதற்கு அப்படி ஆள் இல்லை.

வேனில் திரும்பும்போது இதைச் சொன்னேன். தோழி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஆனா எனக்கு அந்த ஓடைதான் புடிச்சிருந்துச்சு" என்றார். சண்டியின் பக்கத்தில் ஓடும் ஓடையில் அவர் வெகுநேரம் கால் நனைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். அடுத்த விடுமுறைக்கு லங்காவி என்று அவரே முடிவு செய்திருக்கிறார்.

கடாரம் போக எண்ணும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். நேரே சண்டிக்குப் போகாதீர்கள். முதலில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக்கு வண்டியில் ஏறுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கீழே நெல்வயலும் அதற்கப்பால் கடலும் தெரியும். கடலிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த மலைதான் அடையாளம். அங்கே நின்று, படகில் வருகிறவர் இந்த மலையை முதன்முதலில் எங்கிருந்து கண்டிருப்பார் என்று கொஞ்ச நேரம் தேடிப் பாருங்கள். பிறகு இறங்கி மெர்போக்கிற்கு வாருங்கள். நாங்கள் மாற்றிச் செய்துவிட்டோம்.