மரத்தடியில் ஒரு விசுப்பலகை

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லுமிடமெல்லாம் தவணை கடந்த கடன்களின் பட்டியல் நம் முன் வைக்கப்படுகிறது. பாவு பெற்றுச் சென்றவர் சேலையைக் கொண்டு வரவில்லை. பயிர்க்கடன் பெற்றவர் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டார். காரணம் கேட்கும் பத்தியில் 'அசிரத்தை' என்றெழுதி மேலே செல்கிறோம். இரவெல்லாம் உறக்கமின்றி, ஒன்றையே நினைந்து நினைந்து கை ஓய்ந்துபோகும் நிலையும் நமக்கு அசிரத்தையாகவே தோன்றுகிறது.

ஜிம்பாப்வே நாட்டின் ஷோனா மொழியில் அந்நிலைக்குக் 'குஃபுங்கிசிசா' என்று பெயர். மிகையாக நினைத்தல் என்பது பொருள். அந்நாட்டிலிருந்த மனநோய் மருத்துவர் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர் டாக்டர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் 2005-ல் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் 15 டாலர் அவர் குடும்பத்தாரிடம் இல்லை. நோயாளி வர இயலாவிடில் மருத்துவமே அவரிடம் செல்லவேண்டும் என்று டாக்டர் துணிந்தார். ஆனால் ஹராரே நகரத்து இம்பாரே பகுதியில் அவருக்குத் தருவதற்கு அறையும் இல்லை, தாதியரும் இல்லை. கிடைத்தவர்கள் சுகாதாரத் தொண்டிலிருந்த 14 பாட்டிமார் மட்டுமே. 2006-ல் மரத்தடியில் விசுப்பலகை இட்டு வேலை தொடங்கிற்று.

முதலில் அதற்கு 'மனநல விசுப்பலகை' என்று பெயரிட்டனர், எவரும் அணுகவில்லை. பைத்தியம் என்ற பட்டத்தை யார்தாம் விரும்புவர்? 'நட்பு விசுப்பலகை' என்று மாற்றச் சொன்னவர்கள் பாட்டிமாரே. படித்தவர் சூட்டும் பெயரைக் கேட்டுப் பயனாளிகள் ஒதுங்குவது நம் துறைக்கும் புதிதன்று.

பாட்டி முதலில் 14 கேள்விகள் கேட்கிறார். ஆம், இல்லை என்று விடை சொன்னால் போதும். பின்னர் வந்தவரைப் பேசவிடுகிறார். பல தொல்லைகளுள் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, அதற்கு அவரே வழி காணுமாறு துணை நிற்கிறார். அடுத்த முறை, அவ்வழி என்னவாயிற்று என்று வினவுகிறார். இவ்வாறு ஆறு அமர்வுகள். உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணமுடையோரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாமல் மேற்பார்வையாளரிடம் அனுப்பிவிடுகிறார். இவ்வரம்பு இல்லையேல் நாம் இம்முறையைப் பரிந்துரைக்கவே துணியோம்.

பலன் உண்டா? 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சையைச் சற்றுச் செம்மைப்படுத்திப் பெற்றோரில் நூற்றுக்கு ஐம்பதின்மரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. விசுப்பலகையில் அமர்ந்தோரில் நூற்றுக்குப் பதினால்வரிடமே காணப்பட்டன.

அமர்வுகளை முடித்தோர் 'குபத்தானா தோசே', அதாவது ஒன்றாய்க் கைகோத்தல், என்னும் குழுவில் சேரலாம். கழித்துப் போட்ட பிளாஸ்டிக்கைக் கீற்றாக்கி, கொக்கி ஊசியால் பைகள் பின்னியவாறே அங்கே மகளிர் தம் இடர்களைப் பேசுகின்றனர். பைகளை விற்றுச் சிறு வருவாயும் பெறுகின்றனர். கச்சாப்பொருளுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை என்பதை நம் மகளிர் சங்கங்களும் கவனிக்கலாம்.