காசநோயாளி இருக்கும் வீட்டில் காற்றும் வெளிச்சமும்

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் எனத் தெரிந்தவுடன் குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் கேட்பது, "தட்டு, தம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?" என்பதுதான். வேண்டியதில்லை. உணவு, பாத்திரம், துணி, தொடுதல் ஆகியவற்றால் காசநோய் பரவுவதில்லை. அது காற்றின் வழியே பரவுகிறது. ஆகவே, கவலைப்பட வேண்டியது தட்டைப் பற்றியல்ல, சன்னலைப் பற்றி.

மூடிய அறையில் நிகழ்வது

சிகிச்சை தொடங்காத நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமியைத் தாங்கிய மிக நுண்ணிய துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் தரையில் விழுந்துவிடும். நுண்துளிகளோ ஈரம் உலர்ந்து, பல மணி நேரம் காற்றில் மிதக்கும். நோயாளி அறையை விட்டு வெளியேறிய பின்னரும் அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்று ஏற்படக்கூடும்.

ஓர் அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாறுகிறது என்பதைக் கொண்டு காற்றோட்டத்தை அளவிடுவர். மணிக்கு 2 முறை மட்டும் மாறினால், மிதக்கும் துளிகளில் நூற்றுக்கு 99 பங்கு நீங்க 138 நிமிடங்கள் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடங்கள் போதும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கதவு சன்னல்களைத் திறந்து வைத்த அறைகளில் காற்று மணிக்குச் சராசரியாக 28 முறை மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள், புதிய கட்டடங்களைவிட இதில் மேலாக இருந்தன. செலவின்றிக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பைப் பல வீடுகளில் திரைச்சீலை போட்டு நாமே மறைத்துவிடுகிறோம்.

கட்டடத்தின் சுற்றுப்புறமும் இதில் பங்கு வகிக்கிறது. மும்பையின் கிழக்குப் பகுதியில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில், அடுக்குமாடிகள் சில இடங்களில் மூன்று மீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கட்டப்பட்டுள்ளன. வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் மிகுதியாக இருப்பதை அங்கு நடந்த ஆய்வு காட்டியது. இத்தகைய இடத்தில் குடியிருப்பவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. இடைவெளியைத் தீர்மானித்தவர் அவரல்லர்.

மருந்தே முதன்மை

இதைப் படித்துவிட்டு, நல்ல வீடு இல்லையே என்று எவரும் மனம் தளர வேண்டாம். 1928-ல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது நோய்க்கு மருந்து இல்லை. தூய காற்றும் ஓய்வும் உணவுமே சிகிச்சை. மருந்துகள் வந்தபின், 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் ஒன்று, சிலரை அவர்களது நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் சிலரைச் சானடோரியத்தில் சேர்த்தும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களது குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படும்போது தொற்றும் தன்மை விரைவாகக் குறைவதே இதற்குக் காரணம். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், பெரும்பாலானோரிடம் முதல் இரண்டு வாரங்களிலேயே அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனினும் சிகிச்சையை 6 மாதங்களுக்கு இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். மருந்து எதிர்ப்புக் காசநோய் உள்ளவர்கள் எவ்வளவு காலம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதை மருத்துவரே கூறுவார்.

வீட்டில் செய்யக்கூடியவை

எதிரெதிரே உள்ள இரு திறப்புகளைத் திறந்து வையுங்கள். ஒரு சன்னலை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து வெளியேற வழியிராது. எதிர்ப்புறக் கதவும் திறந்திருக்க வேண்டும். புழுக்கமான கடலோரத் தட்பவெப்பத்தில் சன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. 120 சதுர அடி அறைக்கு இது 20 சதுர அடி. கொசுவலை பொருத்திய சன்னலாயின் வலையை அவ்வப்போது கழுவுங்கள். தூசி படிந்த வலை காற்றைத் தடுக்கும்.

ஒரே சன்னல் உள்ள வாடகை அறையாயின், மேசை மின்விசிறியைச் சன்னலை நோக்கி, காற்று வெளியே செல்லுமாறு வையுங்கள். பராமரிப்பவர் காற்று வரும் பக்கமும், நோயாளி சன்னல் பக்கமும் இருப்பது நல்லது. குளிரூட்டி பொருத்திய அறை பாதுகாப்பானது எனச் சிலர் கருதுகின்றனர். வீடுகளில் பொருத்தப்படும் ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையின் காற்றையே குளிர்வித்துச் சுழலவிடுகிறது. தொற்றும் காலத்தில் அதை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறப்பதே முறை.

மார்கழிப் பனிக்காற்று பட்டால் இருமல் முற்றிவிடும் என்று அஞ்சிச் சன்னலை அடைப்பது நம் வீடுகளில் வழக்கம். குளிர்ந்த காற்றால் காசநோய் முற்றுவதில்லை. நோயாளிக்குப் போர்வை கொடுங்கள். சன்னல் திறந்தே இருக்கட்டும்.

நேரடி வெயில் காசநோய்க் கிருமியை அழிக்கும். கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்துக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. முதல் வாரங்களில் நோயாளி தனி அறையிலோ திண்ணையிலோ உறங்கலாம். பகலில் திறந்த வெளியில் அமர்ந்து குடும்பத்தாருடன் பேசலாம். இருமும்போது வாயை மூடுவதும், பிறருடன் இருக்கும்போது முகக்கவசம் அணிவதும், மூடியுள்ள கிண்ணத்தில் சளியைத் துப்புவதும் அவசியம். விறகடுப்புப் புகையும் பீடி, சிகரெட் புகையும் நுரையீரலை மேலும் நலிவுறச் செய்யும்.

உடன் வசிப்பவர்கள்

நோய் கண்டறியப்படும் முன்னரே, பல வாரங்கள் அதே காற்றைக் குடும்பத்தார் சுவாசித்திருப்பர். ஆகவே, அறிகுறி இல்லாவிடினும் உடன் வசிக்கும் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் எச்.ஐ.வி. தொற்று, நீரிழிவு உள்ளவர்களையும் தாமதமின்றி அழைத்து வாருங்கள். நோய் இல்லை என உறுதியானபின் தடுப்பு மருந்து வழங்கப்படும். காசநோய் உள்ள தாய், முகக்கவசம் அணிந்து குழந்தைக்குத் தொடர்ந்து தாய்ப்பால் கொடுக்கலாம்.

பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கணக்கு விவரத்தை அளித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐயங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.